நாய் அவிச்ச எலும்பைத் தின்றுவிட்டால் என்ன செய்வது?



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பிள்ளைகளின் சாப்பாடு, குடிதண்ணீர், மலசலகூடம், சேமிப்பு என்றுதான் எழுதி வருகிறோம். இந்த முறை நாயைப் பற்றி எழுதுகிறேன். "நலன்புரி ஐயாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நாய் இல்லாத லயம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ராத்திரியில் லயத்துக் கோடிக்குச் சிறுத்தை வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். மரக்கறிப் பாத்தியில் பன்றி இறங்கினாலும் அதுதான். அதோடு, நாயின் வாய்க்குள் கையை விடுகிற விஷயத்தில் நம்முடைய பிள்ளைகளின் உயிரும் சேர்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் பின்னால் விபரமாகச் சொல்கிறேன்.

தீபாவளி, கோயில் திருவிழா முடிந்து கெடா வெட்டுகிற நாள், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்களில் எந்த லயத்துக்குப் போனாலும் கறி வாசம்தான். சாப்பிட்டு முடிந்ததும் தட்டில் மிஞ்சுகிற எலும்பை இஸ்தோப்பில் நின்றபடியே கானுக்கு வீசுவோம். நாலு நாய் ஓடி வந்து சண்டை போட்டுத் தின்னும். ரெண்டு நாள் கழித்து யாராவது வந்து, "ஐயா, எங்க நாய் ஒண்ணும் திங்க மாட்டேங்குது, முதுகைக் கூனிக்கிட்டு மூலையில படுத்திருக்கு" என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

இதைச் சொன்னபோது ஒரு அம்மா என்னிடம் திருப்பிக் கேட்டார்: "நாய் எலும்பு திங்காம வேற என்னத்தத் திங்கும்? எங்க பாட்டன் காலத்துல இருந்து போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?" நியாயமான கேள்வி. பெரும்பாலான தடவை நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. நாயின் இரைப்பையில் ஊறுகிற புளிப்பு நீர் எலும்பையும் கரைக்கக் கூடியது. அதனால் நாய் எலும்பு தின்றதைக் கண்டவுடனே பதறவும் வேண்டாம், "அது நாய்தானே" என்று விட்டுவிடவும் வேண்டாம். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அவிச்ச எலும்பில் என்ன கெடுதி?

பச்சை எலும்பில் ஈரமும், பசை போன்ற ஒரு புரதச் சத்தும் இருக்கின்றன. அதனால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவித்தாலும் பொரித்தாலும் நெருப்பில் சுட்டாலும் அந்த ஈரம் போய், புரதமும் மாறி, எலும்பு மொறுமொறுத்துப் போகிறது. கவ்வாத்து வெட்டிய அன்றைக்கு மிலாற்றை வளைத்தால் வளையும். வெயிலில் காய்ந்த பிறகு அதே மிலாறு டக்கென்று முறியும், முறிந்த முனை ஊசி மாதிரி நிற்கும். கவ்வாத்து மலையில் செருப்பில்லாமல் நடந்த காலுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காய்ந்த மிலாறுதான் அவிச்ச எலும்பு. நாய் கடிக்கும்போது நீளவாக்கில் பிளந்து சிலாம்பு சிலாம்பாக வரும். அந்தச் சிலாம்பு வாயைக் கீறலாம், தொண்டையில் குத்தி நிற்கலாம், குடலைத் துளைக்கலாம்.

எல்லா எலும்பும் ஒரே மாதிரி இல்லை. கோழியின் கால் எலும்பும் செட்டை எலும்பும் மெல்லியவை, சுலபமாகப் பிளக்கும். கடையில் வாங்குகிற இறைச்சிக் கோழி சில வாரக் குஞ்சுதான், அதன் எலும்பு பிஞ்சு. நாட்டுக் கோழியின் எலும்பு முற்றியது, உடைந்தால் முனை கூராக இருக்கும். ஆட்டு விலா எலும்பு குறுக்கே முறிந்து மேல் பல் வரிசைக்கு நடுவில், அண்ணத்தில் மாட்டிக்கொள்ளும். முதுகெலும்புத் துண்டு நாலு பக்கமும் கொம்பு வைத்த மாதிரி இருப்பதால் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். நல்லி எலும்பை வளையமாக வெட்டியிருந்தால், அதில் இருக்கிற மச்சையை நக்கப் போன நாயின் கீழ்த்தாடையில் அது மோதிரம் போல இறங்கிவிடும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் நாய்க்கு அது நரகம். பெரிய மீனின் நடுமுள்ளும் தலையும் இதே கணக்குத்தான்.

"அப்படியானால் பச்சை எலும்பைப் போடலாமா?" என்று கேட்பீர்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது சிலாம்பாகப் பிளப்பது குறைவு என்றாலும் பல்லை உடைக்கும், தொண்டையில் அடைக்கவும் செய்யும். பச்சை இறைச்சிக் கழிவில் உள்ள கிருமியும் புழுவும் நாய்க்குப் போய், அதே நாயோடு உருண்டு விளையாடுகிற பிள்ளைக்கும் வரலாம்.

தின்பதைக் கண்டவுடன்

முதலில் மிச்ச எலும்பை எடுத்துவிட வேண்டும். ஆனால் வாயில் கவ்விக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் ஒன்று கடிக்கும், இல்லாவிட்டால் அவசரத்தில் முழுத்துண்டாக விழுங்கிவிடும். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு துண்டு ரொட்டியோ கருவாடோ போடுங்கள். வாயில் இருப்பதை விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் இன்னொருவர் எலும்பைப் பொறுக்கி எடுக்கலாம். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

அடுத்தது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும், ஏனென்றால் நம்ம ஆட்கள் முதலில் செய்வதே இதைத்தான். உப்புக் கரைத்து ஊற்றுவார்கள், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுவார்கள், தொண்டைக்குள் விரலை விடுவார்கள். உள்ளே போகும்போது ஒருவாறு வழுக்கிக்கொண்டு போன சிலாம்பு, திரும்பி வரும்போது கூர் முனையோடு உணவுக் குழாயைக் கிழித்துவிடும். உப்பு அதிகமாகப் போனால் உப்பே நாய்க்கு நஞ்சு. தேங்காய் எண்ணெயைப் போத்தலோடு வாயில் கவிழ்ப்பதும் வேண்டாம், அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் நெஞ்சில் சளி கட்டி அதனாலேயே நாய் செத்துப்போகும். விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவப் பார்ப்பதும் அப்படித்தான். கூரான பொருளை வைத்துக்கொண்டு குடலை முறுக்கி விடுகிற வேலை அது.

பிறகு மூன்று விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன எலும்பு, எத்தனை துண்டு இருக்கும், எத்தனை மணிக்குத் தின்றது. வைத்தியர் முதலில் கேட்பது இவற்றைத்தான். மிஞ்சியதில் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது.

வாயிலோ தொண்டையிலோ மாட்டிக்கொண்டால்

எலும்பு தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும், எச்சில் வடிக்கும், ஓங்காரிக்கும். அநேகமாக ஏதோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். எலும்பைத் தின்றதை உங்கள் கண்ணால் கண்டிருந்தால், நாயும் உங்களுடைய நாயாக இருந்து, தடுப்பூசியும் தவறாமல் போட்டிருந்தால், வாயைத் திறந்து பார்க்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பகுதியை வாசிக்காமல் கையை நீட்ட வேண்டாம்.

பார்ப்பதற்கு ரெண்டு பெரியவர்கள் வேண்டும். நாயைப் பழைய படங்கில், இல்லாவிட்டால் தடித்த சாக்கில் கழுத்து வரைக்கும் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேல்தாடையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அண்ணத்தில் குறுக்கே எலும்பு கிடப்பது தெளிவாகத் தெரிந்தால், கரண்டிக் காம்பால் ஒரு பக்கத்தை நெம்பி விடலாம், குறடு இருந்தால் பிடித்து எடுக்கலாம். நாக்குக்கு அடியில், தொண்டைக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். தடவித் தேடினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். தாடையில் இறங்கிய நல்லி வளையத்துக்கு எண்ணெய் தடவி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ரெண்டு மூன்று தடவையில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தாடை வீங்கிவிடும் முன்னே வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து அதை வெட்டி எடுப்பார்.

மூச்சே போகாமல் நாக்கும் ஈறும் நீலம் பாரித்துவிட்டால், வைத்தியரிடம் கொண்டு போக நேரம் இல்லை. இருமிக்கொண்டிருக்கிற நாயை அதன் பாட்டுக்கு இரும விடுங்கள், இருமல் தானாகவே வெளியே தள்ளும். இருமலும் நின்றுவிட்டால்தான் நாம் கை வைக்க வேண்டும். சின்ன நாய், குட்டி என்றால் பின்னங்கால் ரெண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் நாலைந்து தட்டு தட்டுங்கள். பெரிய நாய் என்றால் பின்னால் நின்று வயிற்றைச் சுற்றிக் கையைக் கொடுத்து, விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே மூடிய கையை வைத்து, உள்ளே தள்ளி நெஞ்சுப் பக்கமாக நாலைந்து தடவை வேகமாக அழுத்துங்கள். எலும்பு வாய்க்கு வந்தால் எடுத்துவிடலாம். மூச்சு வந்த பிறகும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

எலும்புதான் என்று எப்படித் தெரியும்?

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நாய் எலும்பைத் தின்றதை யாரும் காணவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வாய் பாதி திறந்தபடி தொங்குகிறது, எச்சில் வடிகிறது, தண்ணீர் வைத்தால் குடிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. எல்லாரும் என்ன சொல்வோம்? "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு." உடனே துணிச்சலான ஒரு பையன் கையை உள்ளே விட்டுப் பார்ப்பான்.

விசர் நோய் வந்த நாயும் இதே மாதிரிதான் இருக்கும். நம்ம பேச்சில் வெறிநாய் வியாதி என்போம். வெறி பிடித்த நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு வகை. இன்னொரு வகையில் நாய் யாரையும் துரத்தாது. சத்தமில்லாமல் இருட்டு மூலையில் படுத்திருக்கும். தாடை நரம்பு செத்துப்போவதால் வாய் தொங்கும். விழுங்க முடியாததால் எச்சில் வடியும். குரல் மாறிப்போகும். பார்க்கிறவர்களுக்கு எலும்பு மாட்டிய நாய் போலவே தோன்றும். அந்த எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. கடிக்கவே வேண்டியதில்லை. விரலில் ஒரு கீறல் இருந்து அதில் எச்சில் பட்டாலே போதும். கொழுந்து பறிக்கிற கையில் கீறலும் வெடிப்பும் இல்லாத நாள் ஏது?

எலும்பு மாட்டிய நாய்க்கும் விசர் நாய்க்கும் சில வித்தியாசம் சொல்லலாம். எலும்பு மாட்டியது திடீரென்று தொடங்கும். நாய் அலைமோதிக்கொண்டு வாயைப் பிறாண்டும், உங்களிடம் ஓடி வரும். விசரில் ஒன்றிரண்டு நாளாகவே குணம் மாறியிருக்கும். கூப்பிட்டால் அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கும். பின்னங்கால் தள்ளாடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்று தீர்மானிக்க யாராலும் முடியாது. அதனால்தான் அந்த மூன்று நிபந்தனையைச் சொன்னேன். தின்றதைக் காணவில்லை என்றால், ஊர் நாய் என்றால், தடுப்பூசி போடாத நாய் என்றால், வாய்க்குள் கை விடக் கூடாது. பிள்ளைகளைக் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்துங்கள். நாயை ஒரு இடத்தில் அடைக்க முடிந்தால் அடையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மிருக வைத்தியருக்கும் அறிவியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிசனில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இப்படித்தான் நாயின் வாயில் எலும்பு தேடினான். எலும்பு இருக்கவில்லை. தாய் மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் பையனைப் பீலிக்குக் கூட்டிக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று அப்போதே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். லயத்தில் சிலர், "நாய் கடிக்கவே இல்லையே, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார்கள். மூன்றாம் நாள் நாய் செத்தது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது விசர் என்று வந்தது. பையன் ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். இப்போது உயர்தரம் படிக்கிறான்.

அந்தத் தாய் செய்ததைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும். கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசிக்குக் காசு இல்லை, இலவசம். முன்பு போல தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியும் இப்போது இல்லை, பயப்படத் தேவையில்லை. சொல்கிற தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ரெண்டு ஊசியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மந்திரிக்கப் போவதாக இருந்தால் ஊசி போட்ட பிறகு போங்கள். மனிதருக்கு நோய் வெளியே காட்டிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர் நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் ஆட்களுக்கும் ஊசி போட்டுப் போட்டுத்தான் அந்தத் தொகை வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. சுகாதாரப் பகுதியினர் தோட்டத்துக்கு வந்து நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிற அன்றைக்கு, நாயைக் கட்டி வைத்திருங்கள். தந்த அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

விழுங்கிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது

சரி, எலும்புக்கு வருவோம். விழுங்கிய பிறகு நாய் வழக்கம் போல ஓடித் திரிகிறது, வாலாட்டுகிறது என்றால் மூன்று நாள் கவனித்தால் போதும். நன்றாகக் குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு, அவித்த பூசணிக்காய், பாண், இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளையாகக் கொடுங்கள். மெத்தென்ற சாப்பாடு சிலாம்பைச் சுற்றிக்கொண்டு போக உதவும். தண்ணீர் எந்த நேரமும் இருக்கட்டும். கறிக்குழம்பை ஊற்ற வேண்டாம். எண்ணெயும் உறைப்பும் ஒரு பக்கம், வெங்காயமும் உள்ளியும் நாயின் ரத்தத்தையே கெடுக்கக் கூடியவை. நாய் ஏற்கனவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், அல்லது விழுங்கக் கஷ்டப்பட்டால், சோறும் கொடுக்கக் கூடாது.

மூன்று நாளைக்கு நாயைக் கட்டி வைத்து, அது மலம் கழிக்கிற இடத்தைப் பாருங்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் வயிற்றுக்குள் நடப்பதை நமக்குச் சொல்லக் கூடியது அது ஒன்றுதான். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்து வந்தால் எலும்பு அரைபட்டுப் போகிறது என்று அர்த்தம். கொஞ்சம் முக்கித்தான் போகும். ஒரு நாள் முழுக்க முக்கியும் ஒன்றும் வராவிட்டால் கட்டிப்பட்டு அடைத்துவிட்டது. ஆசனவாயில் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறது, எங்கே குத்தியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கீழே சொல்கிறவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி. சாப்பிட்டவுடன் சாப்பிட்டபடியே வெளியே வருதல். வயிறு வீங்கிக் கல் மாதிரி ஆகுதல், தொட்டால் கத்துதல். முன்னங்காலைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்றல் (வணங்குகிற மாதிரி இருக்கும், அது வயிற்று வலி). மலத்தில் ரத்தம் நிறையப் போதல், அல்லது மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போதல். ஈறு வெளுத்து, உடம்பு சூடாகி, எழும்பாமல் கிடத்தல். இவை குடல் அடைபட்டதற்கோ துளைபட்டதற்கோ அடையாளம். துளைபட்ட குடலுக்கு வீட்டில் செய்யக் கூடியது ஒன்றுமே இல்லை. மணித்தியாலக் கணக்கில் நஞ்சு பரவும்.

வலியில் கத்துகிறதே என்று பனடோலோ, நம்ம மூட்டு வலிக்கு டிஸ்பென்சரியில் தந்த மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். ஆளுக்குச் சுகம் தருகிற மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பழுதாக்கும். ஏற்கனவே கிழிந்த இரைப்பை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியரிடம் போவது

தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்கு மருந்து இல்லை, அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். அரசாங்க மிருக வைத்தியரின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று உங்கள் லயத்தில் பால் மாடு வைத்திருக்கிறவரிடம் கேளுங்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரைத் தெரியாத மாட்டுக்காரர் இல்லை. அந்த இலக்கத்தை இன்றைக்கே வாங்கி போனில் போட்டு வையுங்கள். முதலில் போன் பண்ணி விபரத்தைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. வைத்தியர் மாடு பார்க்க வேறு மலைக்குப் போயிருந்தால் வீணாக அலைய வேண்டி வரும். எக்ஸ்ரே எடுக்க, வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் அதற்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது.

செலவு ஒரு கஷ்டம்தான், மறைக்கவில்லை. த்ரீவீலர் கூலி ஒன்றே ரெண்டு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். அதிலும் லயத்து நாய் என்றால் எல்லாருக்கும் சொந்தம், செலவு என்று வரும்போது யாருக்கும் சொந்தமில்லை. ஒரு தோட்டத்தில் ஒரே லயத்து ஏழு வீட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூலி கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த நாய் இன்றைக்கும் ஏழு வாசலிலும் மாறி மாறிப் படுக்கிறது.

கொண்டு போகும்போது கொழுந்துக் கூடையிலோ பெட்டியிலோ சாக்கைப் போட்டுப் படுக்க வைத்துத் தூக்குங்கள், வயிற்றை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கடிக்கும் என்று பயந்து வாயைக் கட்டுகிறவர்கள், வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் கட்டவே கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

மிச்ச எலும்பை என்ன செய்வது?

கானில் போட்டால் நாய் தின்னும். நாய் கூடுகிற இடத்துக்கு நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இது மலைநாட்டில் எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்த கதை. சாப்பிட்ட தட்டை வெளியே கொண்டு வரும் முன்னே எலும்பை ஒரு மூடி போட்ட டின்னில் தட்டிவிடுங்கள். கல்யாண வீடு, திருவிழாச் சமையல் என்றால் வாழை இலையோடு எலும்பு மலை போலக் குவியும். சமையலுக்கு அடுப்பு வெட்டும்போதே முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் ஒரு குழியும் வெட்டச் சொல்லுங்கள். எலும்பைப் போட்டு மண்ணைத் தள்ளி, மேலே கல் வையுங்கள். வெறும் மண்ணை நாய் ஒரே ராத்திரியில் தோண்டிவிடும்.

நாய்க்கு எலும்பு ருசியை அடியோடு இல்லாமலாக்க வேண்டும் என்றும் இல்லை. உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்கும் முன்னே கொஞ்சம் எலும்பைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் அவித்து, வடிகட்டி, ஆறிய பிறகு அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வையுங்கள். நக்கி நக்கித் தின்னும். வடித்த எலும்பும் அவிச்ச எலும்புதான், அதுவும் டின்னுக்குத்தான் போக வேண்டும்.

குழி வெட்ட இடமில்லாத லயங்களில் எலும்பை விறகு அடுப்பில் போட்டு நன்றாக எரித்துவிடலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும் வரைக்கும் எரிந்தால் கையாலேயே நொறுங்கும். அதை இடித்துத் தூளாக்கி, கொஞ்சம் சாணத்தோடு கலந்து, வாசலில் வைத்திருக்கிற மிளகாய்ச் செடியின் வேரடியில் போடுங்கள்.